ஸ்கூல் பசங்ககிட்ட ஹெல்த் சர்வே எடுக்கப் போறீங்களா? முதல் தடவைன்னா இதப் படிங்க

சென்னையில நர்சிங், சோஷியல் ஒர்க் படிக்கிற நிறைய பேரு ப்ராஜெக்ட்டுக்காக 8, 9-ங்கிளாஸ் பசங்ககிட்ட சாப்பாடு, தூக்கம், புகையிலை, மனசு பத்தியெல்லாம் சர்வே எடுக்குறாங்க. நல்ல வேலைதான், ஆனா டீச்சர் பாப்பாங்கன்னு பயம் இருந்தா ஒரு பிள்ளையும் உண்மைய எழுதாது.

1. கேள்விய நீங்களா உக்காந்து எழுதாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஜிஎஸ்எச்எஸ்ங்கிற ஸ்கூல் பசங்க ஹெல்த் சர்வே கேள்வித்தாள் 13-17 வயசுக்குன்னே இருக்கு. அதுல "தினமும் விளையாடுவியா"ன்னு கேக்காம, போன 7 நாள்ல எத்தனை நாள் 60 நிமிஷமாவது ஓடியாடி இருந்தேன்னுதான் கேக்குறாங்க. பி.டி. பீரியட கணக்கு சார் எடுத்துக்கிட்டா அதுவும் இந்த பதில்ல தெரிஞ்சிடும். புகையிலைன்னு மொட்டையா கேட்டா சிகரெட்டுன்னு நெனச்சுப்பாங்க, அதனால கூல் லிப் மாதிரி வாயில வைக்கிறத தனி கேள்வியா கேளுங்க.

2. பர்மிஷன். காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி, அரசு ஸ்கூல்னா கல்வித்துறை, அப்புறம் எச்.எம்., அம்மா அப்பா கையெழுத்து. 12 வயசு தாண்டுன பிள்ளைகிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) விதி சொல்லுது. காலாண்டு, அரையாண்டு பக்கத்துல போகாதீங்க.

3. சர்வே அன்னைக்கு டீச்சர வெளிய இருக்கச் சொல்லி மரியாதையா கேளுங்க, பசங்கள தள்ளித் தள்ளி உக்கார வைங்க. பேரு, ரோல் நம்பர் வேணாம், பொறந்த தேதியும் வேணாம், சின்ன கிளாஸ்ல அதுவே யாருன்னு காட்டிக் குடுத்துடும். எல்லாமே டிக் அடிக்கிற கேள்வியா இருந்தா கையெழுத்த வெச்சும் கண்டுபிடிக்க முடியாது. வாசிக்க கஷ்டப்படுற பசங்களுக்காக ஒவ்வொரு கேள்வியா சத்தமா படிங்க, பெஞ்சு பெஞ்சா போய் எட்டிப் பாக்காதீங்க, இஷ்டமில்லாத கேள்விய விட்டுடலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, முடிச்சதும் அவங்களே மடிச்சு ஒரு பெட்டில போடட்டும்.

4. சாகணும்னு தோணுச்சுன்னு ஒரு பிள்ளை டிக் அடிச்சிருந்தா, பேரில்லாததால அது யாருன்னு உங்களுக்குத் தெரியப் போறதில்ல. அதனாலதான் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14416 (மனநல உதவி எண்) ரெண்டு நம்பரையும் சீட்டுல எழுதி எல்லாருக்குமே குடுக்கணும். யாராவது தனியா வந்து பாலியல் தொந்தரவு பத்திச் சொன்னா "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாக்கு குடுத்துடாதீங்க, போக்சோ சட்டப்படி புகார் குடுத்தே ஆகணும்.

5. எக்ஸெல்ல ஏத்தும்போது காலியா விட்டத காலியாவே விடுங்க. ஒரே ஸ்கூல்ல எடுத்துட்டு "சென்னை மாணவர்கள்"னு தலைப்பு வெக்காதீங்க. ஸ்கூலுக்கு மொத்தக் கணக்க மட்டும் குடுங்க, எந்த செக்‌ஷன்னு கேட்டாலும் சொல்லாதீங்க.