பழைய பிக்கப்ல ஹாம் ரேடியோ மாட்டப் போறீங்களா, மொதல்ல எர்த்தைப் பாருங்க

செகண்ட் ஹேண்ட்ல வண்டி எடுத்து அதுல விஎச்எஃப் ரிக், அதாவது பேசவும் கேக்கவும் செய்ற ஹாம் ரேடியோ செட் மாட்டணும்னு நெனைக்கிறவங்களுக்குத்தான் இது. ஹாம்னா தொழிலுக்கு இல்லாம பொழுதுபோக்குக்காக லைசென்ஸ் வாங்கிப் பேசுறது. லைசென்ஸ் இருக்குன்னு வச்சுக்கிறேன், இல்லன்னா மொதல்ல டபிள்யூபிசி (ரேடியோ லைசென்ஸ் குடுக்குற மத்திய அரசுப் பிரிவு) பரீட்சை எழுதி கால்சைன் (ரேடியோவுல உங்களுக்குன்னு குடுக்குற அடையாளப் பேரு) வாங்கிட்டு வாங்க. அப்புறம் ஹாமுக்குன்னு ஒதுக்குன அலைவரிசையில லோடு எங்க எறக்கணும், வாடகை எவ்ளோன்னுலாம் பேசக்கூடாது, தொழிலுக்குன்னா அதுக்கு லைசென்ஸே வேற.

என் வண்டி 12 வோல்ட் பிக்கப். டேஷ்போர்டைக் கழட்டுனதும் தலையே சுத்திருச்சு. முன்னாடி வச்சிருந்தவரு ஆம்ப்ளிஃபையர், ஏர் ஹாரன், கலர் லைட்டுன்னு ஒண்ணு மேல ஒண்ணா ஒயர் இழுத்து, வேணாம்னதும் அப்படியே கத்தரிச்சு விட்ருக்காரு, டேப்பு வெயில்ல உருகி கையில பிசுபிசுன்னு ஒட்டுது, எதுல கரண்ட் வருது எதுல வரலன்னே தெரியல. அதனால உள்ள இருக்குற எந்த ஒயரையும் நம்பாதீங்க, சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் வேணாம். 50 வாட் ரிக் பேசுறப்ப 12 ஆம்பியர் கிட்ட இழுக்கும். 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர்னா போக வர 6 மீட்டருக்கு 1.3 வோல்ட் ஒயர்லயே காணாம போயிரும், 4 ஸ்கொயர் போட்டா 0.3 தான் போகும். நேரா பேட்டரியில இருந்து புது ஒயர் இழுங்க.

அதுக்கு முன்னாடி எர்த், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜின், பாடி இரும்போட சேக்குற இணைப்பு. பழைய வண்டியில இன்ஜினுக்குப் போற எர்த் பட்டை துருப்பிடிச்சு பாதி செத்துருக்கும். செல்ஃப் அடிக்கிறப்ப நூத்துக்கணக்கான ஆம்பியர் ஓடணும், அதுக்கு நல்ல வழி கெடைக்கலன்னா உங்க ரிக்கோட மைனஸ் ஒயரு, ஆண்டெனா கேபிள் மேல இருக்குற வலைன்னு கெடச்ச வழியில பாயும். மல்டிமீட்டரை ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணு இன்ஜின் இரும்புல வச்சுட்டு யாரையாச்சும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. எனக்கு 1 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு! பட்டையை மாத்தி, போல்ட் உக்கார்ற எடத்தை உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சப்புறம் 0.2க்கு எறங்குச்சு. வண்டியும் முன்னைய விட சட்டுனு ஸ்டார்ட் ஆகுது, அது போனஸ்.

வேலையை ஆரம்பிக்கிறப்ப மைனஸை மொதல்ல கழட்டணும், மாட்டுறப்ப அதைக் கடைசியா. மாத்திச் செஞ்சா பிளஸ் கழட்டுற ஸ்பேனர் பாடியில பட்டு பொறி பறக்கும். ஃப்யூஸை நெறைய பேரு ரிக்குக்குக் காவல்னு நெனச்சு ரிக் பக்கத்துல போடுறாங்க, தப்பு. ஒயர் எங்கயாச்சும் உரசி பாடியில ஒட்டிருச்சுன்னா தீப்பிடிக்காம இருக்கத்தான் அது, அதனால பேட்டரியில இருந்து ஒரு சாணுக்குள்ள 15 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்க. கேபினுக்குள்ள நுழையிற ஓட்டையில ரப்பர் வாஷர் கட்டாயம், சைலன்சர் பக்கம் ஒயரைக் கொண்டு போகவே போகாதீங்க.

லாரிக்காரங்க ஒரு நிமிஷம். உங்களுது 24 வோல்ட்னா ரெண்டு பேட்டரியில ஒண்ணுல மட்டும் 12 எடுத்துக்கலாம்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, ஒண்ணு சார்ஜ் பத்தாம சாகும், இன்னொண்ணு ஓவர் சார்ஜ்ல சாகும். 24ஐ 13.8 ஆக்குற 20 ஆம்பியர் கன்வெர்ட்டர் வாங்கிருங்க.

ஆண்டெனாவுக்கு கேபின் கூரை நடுவுதான் சரியான எடம், கூரை இரும்பா இருந்தா மேக்னெட் மவுண்ட்டே போதும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலை (அலை நீளத்துல நாலுல ஒரு பங்கு) கம்பி கிட்டத்தட்ட 49 சென்டிமீட்டர். ஆனா 51ல ஆரம்பிங்க, ஏன்னா வெட்டுனதை ஒட்ட முடியாது. எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆண்டெனாவுக்குப் போற பவர் எவ்ளோ திரும்பி வருதுன்னு காட்டும், 1 கிட்ட இருந்தா நல்லது) வச்சு 144லயும் 146லயும் பாருங்க, 144 பக்கம் கம்மியா காட்டுனா கம்பி நீளம்னு அர்த்தம், ரெண்டு மூணு மில்லிமீட்டரா வெட்டிட்டே வாங்க, 145ல 1.5க்குக் கீழ வந்துட்டா நிறுத்திருங்க. கேபிளைக் கதவு இடுக்குல விட்டீங்கன்னா நசுங்காத எடமா பாத்து விடுங்க, நுழையிற எடத்துக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்க விட்டா மழைத்தண்ணி உள்ள வராம அங்கயே சொட்டிரும்.

எல்லாம் முடிஞ்சு ஆன் பண்ணா "ஊஊய்"னு ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஏறுதுன்னா அது டைனமோ சத்தம். ஆண்டெனாவைக் கழட்டிப் பாருங்க. அப்பவும் கேட்டா பவர் ஒயர் வழியா வருது, நின்னுட்டா ஆண்டெனா வழியா. பவர் ஒயர்னா எர்த் போல்ட்டை மறுபடி பாருங்க, அப்புறம் ரிக் பக்கத்துல ஒயர் மேல ஃபெரைட் (இந்த மாதிரி சத்தத்தைத் தடுக்குற வளையம்) மாட்டுங்க. ஆக்சிலேட்டருக்கு ஏறாம ஒரே மாதிரி "கர்ர்"னு இருந்தா அது டைனமோ இல்ல, நான் அதுக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை அலைஞ்சேன், கடைசியில பாத்தா ரோட்டோரத்துல வாங்குன மொபைல் சார்ஜர்.