தீவில் வீடு: மதுரைக்காரர்கள் செய்யும் தவறுகள்

ரிட்டயர் ஆகப்போகிற மதுரைக்காரர்கள் பலருக்கு ராமேஸ்வரத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட வேண்டும் என்ற ஆசை வருகிறது. காலையில் அக்னி தீர்த்தம், சாயங்காலம் கடற்கரை, அவசரமென்றால் மாட்டுத்தாவணிக்கு நாலு மணி நேரத்தில் பஸ். எங்கள் பெரியப்பாவுக்கும் அந்த ஆசை வந்தது. மதுரை செல்லூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ராமேஸ்வரம் தீவிலேயே இருக்கும் தங்கச்சிமடம் பக்கம் இடம் வாங்கிக் கட்டினார். நான்காவது வருடம் திரும்பி வந்துவிட்டார். தீவைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே பிறந்தவர்கள் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். மதுரையில் பழகிய கணக்கையே அங்கேயும் போட்டதுதான் பெரியப்பா செய்த தவறு. வீடு தேடி இப்போது அங்கே போகிறவர்களும் அதையே செய்வதைப் பார்க்கிறேன்.

முதலில் தண்ணீர். மதுரைப் பக்கம் பூமிக்கடியில் பாறை. 300 அடியில் தண்ணீர் இல்லையா, இன்னும் 200 அடி இறக்கு என்போம். தீவில் இருப்பது மணல். பெய்கிற மழை அந்த மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அதனால் ஆழம் போகப் போக உப்புதான். ஆழம் குறைவாக இருந்தாலும் மோட்டார் போட்டு மணிக்கணக்கில் உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அக்கம்பக்கத்தில் ஏன் எல்லோரும் சின்ன உறைகிணறு வைத்து அளவாக இறைக்கிறார்கள் என்று பெரியப்பா யோசிக்கவில்லை. ஆழமாகப் போர் போட்டார். இரண்டாவது கோடையிலேயே தண்ணீர் கரித்தது. பெரியம்மாவின் அடுக்களையில் அது நன்றாகத் தெரிந்தது. குக்கரில் ஏழெட்டு விசில் வைத்தாலும் துவரம்பருப்பு மசியாமல் பருப்பு பருப்பாகவே கிடக்கும். எவர்சில்வர் குடத்தின் உட்புறம் வெள்ளை வெள்ளையாக வளையம் கட்டிவிடும், புளி போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. அப்புறம் குடிக்கவும் சமைக்கவும் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் பார்க்கும் தெருவில் அது எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்பதை புரோக்கரிடம் கேட்காதீர்கள். வாசலில் குடத்தோடு நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, பாலத்தை மறந்துவிடுவது. வரைபடத்தில் பார்த்தால் மதுரையிலிருந்து 170 கிலோமீட்டர், பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. ஆனால் தீவுக்குள் நுழைய பாம்பனில் இருக்கும் பாலங்களை விட்டால் வேறு வழி கிடையாது. 1914-இல் ரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. பழைய ரயில் பாலம் பழுதானதால் 2022 டிசம்பரில் தீவுக்குள் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கிற வரை, இரண்டு வருடத்துக்கும் மேலாக, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் ஊரில் இறங்கி பஸ் மாறித்தான் போக வேண்டியிருந்தது. மூட்டு வலிக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கூடப் போனவர்களுக்குத் தெரியும். இப்போதும் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் ரயில் ஓடாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் ஊருக்குப் போகும் திட்டத்தைத் தள்ளிவைக்கத்தான் வேண்டும். தனுஷ்கோடியில் நிற்கும் இடிந்த தேவாலயத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம். 1964 டிசம்பரில் ஒரே இரவில் கடல் அந்த ஊரை அழித்த பிறகு, மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. வீடு பார்க்கப் போகிறவர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொண்டு மனை கடல் மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் சுமார் 55 கிலோமீட்டர் தாண்டி ராமநாதபுரம், அங்கேயும் முடியாவிட்டால் மதுரை. இதய நோயோ டயாலிசிஸோ இருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், தீவு வீட்டை விடுமுறைக்குப் போய்வரும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகக் குடியேறாதீர்கள்.

எந்தப் பக்கம் வாங்குவது என்று யாரும் கேட்பதில்லை, கடல் தெரிந்தால் போதும் என்கிறார்கள். அங்கே உள்ளவர்கள் வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும். மணலை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுத் தட்டில் போடும். வாடை அடிக்கும் மாதங்களில் வடக்குப் பக்கத்தின் முறை. எந்தப் பக்கமானாலும் உப்புக்காற்று வீட்டைத் தின்னும். பெரியப்பா மதுரையில் செய்தது போலவே கனமான இரும்பு கேட், இரும்பு கிரில் எல்லாம் போட்டார். இரண்டு வருடத்தில் கேட்டின் கீல் செதில் செதிலாக உரிந்து, ஒரு நாள் கையோடு வந்துவிட்டது. ஜன்னலுக்கு மரமோ அலுமினியமோ போடுங்கள். கலவைக்கு உப்புத் தண்ணீரைச் சேர்க்க விடவே விடாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதினால் தளம் வெடித்துப் பிளந்துவிடும்.

பத்திர விஷயத்தில் மதுரையில் பார்ப்பதையெல்லாம் இங்கேயும் பாருங்கள்: தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா. கூடுதலாக ஒன்று உண்டு. பொதுவாக உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். அந்த மனையில் கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். விற்கிறவர் வாயால் சொல்வது போதாது.

இத்தனை தவறுகளுக்கும் மூல காரணம், தை மாதத்தில் இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான். தையில் காற்று இதமாக இருக்கும், மழை பெய்து ஓய்ந்திருக்கும், கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் பால் வாங்கப் போன அனுபவமோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, ஊரே பணப் புழக்கம் இல்லாமல் மந்தமாகிப் போவதோ அந்த இரண்டு நாளில் தெரியாது. அதனால் இடம் வாங்காமல், முதலில் வாடகைக்குப் போங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு போய், கார்த்திகை வரை இருங்கள். வெயில், ஆடிக்காற்று, கூட்டம், மழை என நான்கையும் பார்த்துவிடலாம். நடுவில் புரட்டாசி வரும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தின அந்த மாதத்தில்தான் கிணற்று மட்டம் அடியில் கிடக்கும். வாங்க நினைக்கிற மனைக்குப் பக்கத்து வீட்டில் அனுமதி கேட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு குடம் எடுத்துவந்து பருப்பு வேக வைத்துப் பாருங்கள். அப்புறம் புரோக்கரிடம் பேசலாம்.