புதிய பருவக் கடிதம்: பையின் அடிக்குப் போகாமல் இருக்க

சென்ற வாரம் ஆசிரியர் அறையில் இரண்டு இளம் ஆசிரியைகள் கணினி முன்னால் உட்கார்ந்து புதிய பருவத்துக்கான கடிதத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு பக்கக் கடிதம்தான். கையில் டீயோடு பின்னால் நின்று படித்தேன். என் பழைய தவறுகள் எல்லாம் ஒன்றுவிடாமல் வந்து நின்றன. நான் அன்று எழுதிய வரிகளையே யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது.

மொரீஷியஸில் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன். மொழி ஆசிரியருக்குச் சொந்த வகுப்பு கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போக வேண்டும். அதனால் கிரேடு 1 முதல் 6 வரை எல்லா வீடுகளையும் ஓரளவு தெரியும். "மிஸ், நீங்களே எழுதிவிடுங்களேன்" என்று தலைமை ஆசிரியர் அந்த வேலையை என் தலையில் கட்டியது அப்படித்தான். எழுத்துப் பிழை, தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போவது, அச்சு மங்குவது இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை.

பழைய கடிதத்தைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவது

எல்லாரும் செய்கிறோம். தப்பில்லை. ஆனால் நம் ஊர்ப் பண்டிகைகளில் அசையாதவையும் உண்டு, அசைபவையும் உண்டு. மார்ச் 12 சுதந்திர தினம், நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நாள், இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். தைப்பூசக் காவடி அப்படியில்லை. 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. மகா சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, ஈத் எல்லாமே நகரும்.

நான் ஒரு வருடம் விடுமுறைத் தேதியைச் சரியாகத்தான் மாற்றினேன். ஆனால் அதற்கு முந்தைய நாட்களை மறந்துவிட்டேன். கொடியேறியதிலிருந்து பத்து நாள் விரதம். வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள். "எல்லாரும் ஒரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் நாள்" என்று பழைய கடிதத்தில் இருந்த வரி அப்படியே வந்து அந்தப் பத்து நாளுக்குள் உட்கார்ந்துவிட்டது. அன்று வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கோழி வறுவலைப் பார்த்துக்கொண்டே தங்கள் டப்பாவை மடியில் வைத்து மூடி மூடிச் சாப்பிட்டார்கள். அதில் ஒருவனுடைய டப்பாவில் வாழைக்காயும் சோறும் மட்டும்தான். தேதியை மாற்றும்போது அதற்கு முன்னால் உள்ள இரண்டு வாரத்தையும் பார்த்துவிடுங்கள்.

மூன்று பத்தி வரவேற்புரை

வேண்டாம்.

"பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்"

இந்த வரியைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். இதே மாதிரி ஒரு வரியை நானும் எழுதியிருக்கிறேன் என்பதால் இன்னும் அதிகமாக.

இங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் கட்டாயம். அதற்கு மேல் விருப்ப மொழி ஒன்று எடுக்கலாம். தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, மாண்டரின், அரபு, 2012இலிருந்து, இங்கே எல்லாரும் பேசும் கிரியோலும். எதை எடுப்பது என்று வீட்டார்தான் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜனவரியில், கிரேடு 1 படிவங்களைப் புரட்டினால் மொழிக் கட்டம் பல பிள்ளைகளுக்கு வெறுமையாக இருந்தது. கால அட்டவணை போட வேண்டும், தலைமை ஆசிரியர் அவசரப்படுத்துகிறார். பருவக் கடிதத்தின் கடைசியில் ஒரு துண்டு சேர்த்தேன்: வெள்ளிக்கிழமைக்குள் மொழியைக் குறித்துத் திருப்பி அனுப்பவும், வராவிட்டால் விருப்ப மொழி வேண்டாம் என்று எடுத்துக்கொள்வோம். நல்ல கண்டிப்பான வரி என்று எனக்குள் பெருமை வேறு.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். அது பெண் பார்க்கும் இடத்தில் பெரியவர்கள் தங்கள் வசதிக்குச் சொன்னது. அங்கேயே பாதி நேரம் அது பொய். பள்ளிக் கடிதத்தில் முழுப்பொய்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினொரு துண்டுகள் வரவில்லை. பதினொரு பெயரையும் "வேண்டாம்" பட்டியலில் எழுதினேன். அட்டவணை முடிந்தது. அப்புறம் காவடி வந்தது.

காவடி முடிந்து கோயிலில் இலை போட்டார்கள். ஏழு கறிச் சாப்பாடு. ரோஜா நிறச் சேலையில், வியர்த்து நனைந்த முகத்தோடு ஒரு பாட்டி பூசணிக்காய்க் கறி பரிமாறிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டி நின்றது.

"எப்படி இருக்கிறான் மிஸ்? அ, ஆ எழுதுகிறானா?" கிரியோலில்தான் கேட்டார். அந்த இரண்டு எழுத்து மட்டும் தமிழில்.

யார் பேரன் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இல்லை.

"துண்டு வரலையே பாட்டி" என்றேன்.

"என்ன துண்டு? நாம தமிழர்தானே மிஸ்? அதை எழுதி வேற கொடுக்கணுமா?"

கறியை என் இலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து பதினொரு வீட்டுக்கும் தொலைபேசினேன். ஆறு வீடுகளில் அதே பதில், வேறு வேறு சொற்களில்: நம் பெயரே தமிழ்ப் பெயர், தாத்தா காலத்திலிருந்து தமிழ்தான் படிக்கிறோம், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? இரண்டு வீட்டார் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு வீட்டில் அம்மா அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார், துண்டு பிள்ளையின் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் எண்ணெய் குடித்துக் கிடந்தது. மிச்சம் இரண்டு வீட்டார்தான் உண்மையில் வேண்டாம் என்று நினைத்தவர்கள். பதினொன்றில் இரண்டு!

நான் புரிந்துகொண்டது இதுதான். சந்தேகம் இருப்பவர்கள் பதில் எழுதுவார்கள், கேள்வி கேட்பார்கள், வாசலில் வந்து நிற்பார்கள். துளியும் சந்தேகம் இல்லாதவர்கள்தான் பேசாமல் இருப்பார்கள். அவர்களுக்கு அது கேள்வியாகவே தெரியாது. அதாவது, யார் மிக உறுதியாகத் தமிழ் வேண்டும் என்று நினைத்தார்களோ அவர்களையே என் வரி தேடிப்பிடித்து வெளியே தள்ளியிருக்கிறது. தமிழ் டீச்சர் எழுதிய கடிதம்!

அட்டவணையை உடனே மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் பருவத்தில் ஐந்து பேரைக் கொண்டுவந்தேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் வேறு நண்பர்களோடு வேறு அறையில் பழகிவிட்டார்கள், வர மாட்டேன் என்றார்கள். பாட்டியின் பேரன் வந்தான். மற்றவர்கள் "அம்மா", "ஆடு" என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவன் அகரத்தின் சுழியைத் தப்பான பக்கத்திலிருந்து தொடங்கி, 3 என்ற எண்ணைப் போல ஒன்றை எழுதி, என் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். அவன் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டான். வருடம் முடியும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

இப்போது இளம் ஆசிரியைகளின் கடிதத்துக்கு வருகிறேன். பாம்பிள்மூஸ் தாவரத் தோட்டத்துக்குச் சுற்றுலா. அதற்குக் கீழே "மறுப்புத் தெரிவிக்காதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படுவர்." ஏன் இது என்று கேட்டேன்.

"இல்லாவிட்டால் யாரும் பதிலே தர மாட்டார்கள் மிஸ்."

உண்மைதான். தர மாட்டார்கள். அதற்காக இல்லாத பதிலை நாமே எழுதிக்கொள்ளலாமா? பேருந்தில் ஏறினால் வாந்தி எடுக்கும் பிள்ளை இருக்கும். அன்றைக்கு மருத்துவரிடம் போக வேண்டிய பிள்ளை இருக்கும். பெரிய அல்லித் தடாகத்தின் ஓரத்தில் நிற்கும்போது, இந்தப் பிள்ளை வந்திருப்பது வீட்டுக்குத் தெரியுமா தெரியாதா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நான் இப்போது செய்வது: துண்டில் "ஆம்", "இல்லை" இரண்டையும் அச்சிட்டு ஒன்றைச் சுற்றச் சொல்கிறேன். கடைசி நாளுக்கு அடுத்த நாள், வராத பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி மணி அடிக்கும் நேரத்தில் வாசலில் நிற்கிறேன். பாட்டிகள், அக்காக்கள், வேன் ஓட்டுநர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். வேன் ஓட்டுநரிடம் நான்கு பெயரைச் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் நான்கு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எந்த வாட்ஸ்ஆப் குழுவும் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதில்லை. அதற்கும் பிடிபடாத இரண்டு மூன்று வீடுகளுக்குத் தொலைபேசி. அரை நாள் வேலை. அலுப்பான வேலைதான்.

மொழி விஷயத்தில் இன்னொன்றும் சேர்த்துவிட்டேன்: "உங்கள் வீட்டில் எல்லாரும் தமிழ் படித்திருந்தாலும் இதை நிரப்ப வேண்டும்." வேடிக்கையான வரி. இதுவரை யாரும் சிரிக்கவில்லை, நிரப்பித்தான் அனுப்புகிறார்கள்.

கிழித்து அனுப்பும் துண்டில் தேதியைப் போடுவது

துண்டு பள்ளிக்குத் திரும்பி வந்துவிடும். தேதியும் கூடவே வந்துவிடும். வீட்டில் ஒன்றும் இருக்காது.

யாருக்கும் வராத மொழியில் எழுதுவது

நம் நாட்டில் பள்ளிக் காகிதம் ஆங்கிலம், பத்திரிகை பிரெஞ்சு, வாய் கிரியோல். தமிழ் மிஸ் எழுதுகிறார் என்பதற்காகக் கடிதத்தைத் தமிழில் எழுதினால் வாசிக்கப் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள், பிள்ளைக்கும் இன்னும் வாசிக்க வராது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் வருத்தத்தைக் கடிதத்தில் காட்டுவதில்லை. மேலே "வணக்கம்" என்று தமிழ் எழுத்தில் ஒரு சொல். மிச்சம் பிரெஞ்சில், வாக்கியங்களைச் சின்னதாக வைத்து. சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பாட்டிக்கு யாராவது சத்தமாகப் படித்துக் காட்டினால் பாதியில் மூச்சு வாங்கக் கூடாது, அதுதான் அளவு.

இரண்டு மூன்று மொழிகளில் வாழ்த்துப் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எதை முதலில் போடுவது என்பது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1998இல் மொரீஷியஸின் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தி வந்ததும் நம்மவர்கள் கிளம்பியதும் கடைசியில் நோட்டுகளையே திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். மத்திய வங்கிக்கே அந்தக் கதி. கிரேடு 1 கடிதம் எம்மாத்திரம்?

"வானிலை மோசமானால் தகவல் தரப்படும்"

யார், யாருக்கு, எப்படி? முதல் பருவம் முழுக்கப் புயல் காலத்துக்குள்தான் வருகிறது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். புயலாவது எச்சரிக்கை முதல் நிலை, இரண்டாம் நிலை என்று படிப்படியாக வரும், வானொலியில் சொல்வார்கள். அடைமழைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மேட்டு நகரமான கியூர்பிப்பில் கொட்டிக்கொண்டிருக்கும்போது போர்ட் லூயிஸில் அலுவலகத்தில் இருக்கும் அப்பாவுக்கு ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்கும். பிள்ளை வாசலில் நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பள்ளியைப் பாதியில் மூடினால் பிள்ளையை அழைத்துப்போக வரக்கூடிய இரண்டு பேரின் பெயரைக் கேளுங்கள். இருவரில் ஒருவராவது நடந்தே வரும் தூரத்தில் இருப்பவராக இருக்கட்டும். ஒருமுறை ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருந்த இரண்டு பெயருமே ஒரே விடுதியில் வேலை பார்ப்பவர்கள், அம்மாவும் சித்தியும். தீவின் மறுபக்கக் கடற்கரையில். மழையில் பேருந்தும் இல்லை. அன்று அந்தச் சின்னப் பெண்ணும் நானும் பள்ளிக் காவலரும் உட்கார்ந்து ஒரு பொட்டலம் பிஸ்கட்டைத் தின்று தீர்த்தோம். அவள் எங்கள் இருவரையும் சீட்டாட்டத்தில் மூன்று முறை தோற்கடித்தாள்.

குரல் பதிவு

மூன்று நிமிடக் குரல் பதிவை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

"அன்பான பெற்றோரே"

வாசலில் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் பெற்றோர் இல்லை. "வீட்டாருக்கு" என்று போடுங்கள்.

பணம்

எவ்வளவு, எதற்கு, எந்த நாளுக்குள், யார் கையில். நான்கும் ஒரே வரியில். கட்ட முடியாதவர்கள் யாரிடம் தனியாகச் சொல்லலாம் என்பதை அடுத்த வரியில். அந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால் அன்றைக்குப் பிள்ளைக்குக் "காய்ச்சல்" வரும்.

கீழே "பள்ளி நிர்வாகம்" என்று போடுவது

நிர்வாகத்தை யாரும் தொலைபேசியில் கூப்பிட முடியாது. உங்கள் பெயரைப் போடுங்கள், எந்த நேரத்தில் கேட்டால் கிடைப்பீர்கள் என்றும் எழுதுங்கள். நான் பெயரைப் போடத் தொடங்கிய பருவத்தில் முதலில் கூப்பிட்டது அந்தப் பாட்டிதான். பேரனுடைய தங்கைக்குத் துண்டு எப்போது வரும் என்று கேட்டார். அவள் பள்ளியில் சேர இன்னும் இரண்டு வருடம் இருந்தது.