ஆறு பீஸ் உள்பாவாடை: நாடா இடுப்பை அறுக்காமல் தைக்க

கடையில் இன்ஸ்கர்ட் வாங்கும்போது முதலில் இடுப்புப் பட்டியைப் பாருங்கள். பலவற்றில் அது ஒரு அங்குலம்கூட இருக்காது. உள்ளே ஓடுவது சுருண்டுபோன மெல்லிய கயிறு. ஐந்தரை மீட்டர் புடவையின் கொசுவம் முழுக்க அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. சென்னை வெயிலில், வியர்வை ஊறிய தோலில் அது நாள் முழுக்க ஒரே இடத்தில் உராய்ந்தால் தடம் விழும், கருக்கும், சிலருக்குப் புண்ணாகும். 2024இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், 70 வயதுப் பெண்ணுக்கு நாடா உராய்ந்த இடத்தில் 18 மாதம் ஆறாமல் இருந்த புண் தோல் புற்றுநோய் என்று தெரியவந்தது. வேட்டி இறுக்கத்தால் வரும் இதே கோளாறை 1945லேயே இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படி ஆவது மிக அரிது. ஆனாலும் பட்டியை அகலமாக வைத்தால் உராய்வு வெகுவாகக் குறையும். அது தையல்காரர் கையில்தான் இருக்கிறது.

துணிக்கு காட்டன் பாப்ளினே நல்லது. பாரிமுனை கோடவுன் தெருவில் எல்லா நிறத்திலும் கிடைக்கும். புடவையைக் கையோடு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். சாட்டின் பளபளப்பாக இருக்கும், ஆனால் கொசுவம் வழுக்கி இறங்கும், காற்றும் போகாது. 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) 2¼ மீட்டர் வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். அடர்சிவப்பு, கறுப்பு என்றால் சாயம் நிற்கும்வரை அலசுங்கள்; பட்டுப்புடவையில் இறங்கிய சாயத்தை எடுக்க முடியாது.

இங்கே தரும் கணக்கு, இடுப்பிலிருந்து தரை வரை 39 அங்குலமும் சீட் (பின்புறத்தின் அகன்ற பகுதி) சுற்றளவு 40 அங்குலமும் உள்ளவருக்கு. பாவாடை தரைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும், ஆக 38. இதில் பட்டி 2 அங்குலம். பட்டிக்குக் கீழே வரும் ஆறு பீஸில் ஒவ்வொன்றின் உயரம், மேல் தையலுக்கு அரை, கீழ்மடிப்புக்கு ஒன்று சேர்த்து 37½. மேல் அகலம் 7½ (சீட்டை ஆறால் வகுத்து, தையலுக்கு ஒன்று கூட்டினால் ஏறக்குறைய இதுதான்), கீழ் அகலம் 13.

20½ அங்குல அகலத்தில் ஒரு செவ்வகம் குறித்து, மேலே 7½, கீழே 13 வரும்படி சாய்வாக ஒரே கோடு போட்டு வெட்டினால் இரண்டு பீஸ். பன்னாவில் இப்படி இரண்டு செவ்வகம் அடங்கும். நான்கு பீஸ் ஆயிற்று. அடுத்த நீளத்தில் பாதி அகலத்தில் மீதி இரண்டு. எஞ்சிய பாதியைக் குறுக்கே நறுக்கிவிடாதீர்கள். 40 அங்குல நீளம், 5 அங்குல அகலமுள்ள பட்டி அதிலிருந்துதான் வர வேண்டும்.

ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு பக்கம் நேர் விளிம்பு, மறுபக்கம் சாய்வு. நேரும் சாய்வும் சேரும்படியே தையுங்கள். சாய்வோடு சாய்வைச் சேர்த்தால் அந்த இடம் நாளடைவில் இழுபட்டுத் தொங்கும். சாய்வு விளிம்பு கொஞ்சம் நீளம் என்பதால் மேலிருந்து தொடங்கி, கீழே மிஞ்சுவதை வெட்டிச் சமப்படுத்துங்கள். தைக்கும்போது சாய்வை இழுக்கக் கூடாது.

கடைசித் தையலில் மேலே 7 அங்குலம் திறப்பு விட்டு, ஓரம் மடித்து அடியுங்கள். பாவாடை முதலில் கிழிவது இந்தத் திறப்பின் அடியில்தான். அங்கே உள்பக்கம் ஒரு சின்னத் துண்டு வைத்து மூன்று முறை முன்பின்னாக அடித்தால் தாங்கும்.

பட்டியின் இரு முனைகளையும் மடித்துத் தைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பொருத்துங்கள். மேல் விளிம்பிலிருந்து அரை அங்குலம் தள்ளி இன்னொரு தையல் ஓட்டினால் நாடா உள்ளே முறுக்கிக்கொள்ளாது. நாடா ஓர் அங்குல அகலத் தட்டைப் பருத்தி நாடாவாக, 1¾ மீட்டர் இருக்கட்டும். ஊக்கில் குத்திக் கோர்த்து, பட்டியின் நடுவில் நாடாவோடு சேர்த்து ஒரு தையல் போட்டுவிட்டால் துவைக்கும்போது உருவிக்கொண்டு போகாது.

இந்த உடுப்பு நம் புடவைக்குப் பிந்தி வந்தது. மடிசாரும் பின்கொசுவக் கட்டும் உள்பாவாடை கேட்பதே இல்லை. துணியைச் சுற்றிச் செருகியே நிற்கும். முன்கொசுவத்துக்கு அடியில் தைத்த பாவாடை பரவியது ஆங்கிலேயர் காலத்தில். 1860களில் வங்கத்தின் ஞானதானந்தினி தேவி (கவி தாகூரின் அண்ணி) ரவிக்கையோடும் பாவாடையோடும் கட்டிய முறைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ‘பாவாடை’ என்ற சொல் மட்டும் பழையது: பாவு, ஆடை; பரப்பிய துணி. பெரியவர் நடந்துவரத் தரையில் விரித்ததும் பாவாடைதான்.

கட்டும்போது, உட்கார்ந்த நிலையில் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முடிச்சைப் பக்கவாட்டில் போடுங்கள். தினமும் ஒரே பக்கம் வேண்டாம். தடம் ஏற்கெனவே விழுந்திருந்தால் பட்டியை ஓர் அங்குலம் இறக்கிக் கட்டுங்கள். புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.