காற்றுச் சுரங்கத்தில் பணத்தைக் கொட்டும் முன்

மொரீசியஸில் சூறாவளிப் பருவம் நெருங்கும்போதெல்லாம் யாராவது தங்கள் காற்றுச் சுரங்கத்தை, அதாவது கட்டடங்களின் சிறு மாதிரிகள் மேல் விசிறியால் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் நீண்ட கூண்டை, மேம்படுத்தக் கிளம்புகிறார்கள். நாங்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே இன்றைய மாணவர்களும் செய்கிறார்கள். காற்றுக் கசிவு, தளர்ந்த போல்ட் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும்; அவற்றை விடுங்கள்.

முதலில் விசிறி வாங்குவது

இன்னும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான். "1975இல் ஜெர்வைஸ் சூறாவளி மணிக்கு 280 கிலோமீட்டரில் வீசியது, நமக்கும் அந்த வேகம் வேண்டாமா ஐயா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். வேகம் இரட்டித்தால் மின்சக்தி எட்டு மடங்கு வேண்டும். கூர்மையான விளிம்புள்ள கட்டடத்துக்குக் குறைந்த வேகத்தில் அழுத்தக் கெழுவை (காற்றின் வேகம் தரும் அழுத்தத்தில் எத்தனை பங்கு அந்த இடத்தில் விழுகிறது என்ற எண்ணை) அளந்தால் போதும். நிஜப் புயலின் அழுத்தத்தை வேகத்தின் வர்க்கத்தை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். உருண்டையான தொட்டி, குவிமாடம் என்றால் கதை வேறு. முழு அளவு வீட்டையே உடைத்துப் பார்ப்பதற்கும் வேகம் வேண்டும். ஃப்ளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகம் அதற்காகத்தான் 12 விசிறிகளை வரிசையாக வைத்திருக்கிறது.

நிஜக் காற்று கரும்புத் தோட்டத்தையும் வீடுகளையும் உரசிக்கொண்டு வருகிறது. தரையருகே மெதுவாகவும் மேலே வேகமாகவும், விட்டு விட்டு அறைந்துகொண்டும் வருகிறது. இந்தத் தரைக் கரடுமுரடையும் மாதிரியின் அளவுக்கே சுருக்க வேண்டும் என்று டென்மார்க்கின் மார்ட்டின் யென்சன் 1950களிலேயே காட்டிவிட்டார்.

ஓர் ஆய்வகத்தில் பெரிய மோட்டார் வாங்கியதோடு பணம் தீர்ந்துவிட்டது. தகரக் கூரை வீட்டின் மாதிரியைக் காற்று நுழையும் வாயை ஒட்டியே வைத்திருந்தார்கள். காற்று முன் விளிம்பிலேயே கூரையை விட்டுப் பிரிந்துவிட்டதால், கூரையில் ஒட்டிய நூல்கள் எல்லாம் காற்று வரும் பக்கமாகவே திரும்பி, சாதுவாகக் கிடந்தன. மாதிரியைப் பின்னால் தள்ளி, முன்னே முக்கோணப் பலகைகளும் தரையில் மரக்கட்டைகளும் வைத்தோம். பின்பக்க நூல்கள் கூரையில் படிந்தன. முன் விளிம்பு நூல்கள் வெடுக் வெடுக்கென்று துள்ளின. தகரத்தைப் பிய்ப்பது அந்தத் துள்ளல்தான். அதைக் காட்டியது ஒரு தச்சரின் அரைநாள் வேலை. ஆகவே முதல் செலவு சுரங்கத்தின் நீளத்துக்கு, அப்புறம் அளவிகளுக்கு, மிஞ்சினால் விசிறி.

நேர்க்காற்றோடு நிறுத்துவது

சாய்வாக வரும் காற்றில்தான் கூரை மூலையில் சுழல்கள் உருவாகி இழுக்கும். மாதிரிக்கு அடியில் சுழல்மேடை போட்டு 10 பாகைக்கு ஒருமுறை அளவெடுங்கள்.

பெரிய மாதிரி

மாதிரி காற்றை மறைக்கும் பரப்பு சுரங்கத்தின் குறுக்குவெட்டில் 5 சதவீதத்துக்குள் அடங்கட்டும்.

நீண்ட அழுத்தக் குழாய்

மாதிரியின் துளையிலிருந்து அளவிக்குப் போகும் குழாய் நீண்டால், அழுத்தத்தின் உச்ச வீச்சு மழுங்கிவிடும். குட்டையாக வெட்டுங்கள்.