ஜனவரி 31-க்கு அடுத்த தவணை என்றைக்கு?

மாமாவுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் மரச்சாமான் கடை. தவணைக்கும் கொடுப்பார். நோட்டில் எழுதிவந்த தேதிகளைக் கம்ப்யூட்டரே போடட்டும் என்று பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். மாதத்துக்கு 30 நாள் என்று, தேதியோடு நாள்களைக் கூட்ட உதவும் டைம்டெல்டாவில் கூட்டியிருந்தேன். 2024 ஜனவரி 31-இல் கட்டில் வாங்கியவருக்கு முதல் தவணை மார்ச் 1, அடுத்தது மார்ச் 31. பிப்ரவரியையே காணோம்! "ஒரே மாசத்துல ரெண்டு தவணை கேட்டா ஆளு கடைப்பக்கம் வருவானாடா?" என்றார் மாமா.

பைத்தானை ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: வருடத்தை 12-ஆல் பெருக்கி, மாத எண்ணைக் கூட்டி, ஒன்றைக் கழியுங்கள். எத்தனையாவது தவணையோ அந்த எண்ணைச் சேருங்கள். நம் கட்டிலின் முதல் தவணைக்கு 24289 வரும்.

படி 2: அதை 12-ஆல் வகுத்தால் ஈவு வருடம், மீதியோடு ஒன்று கூட்டினால் மாதம். 2024, பிப்ரவரி.

படி 3: பைத்தானோடே வரும் காலண்டர் மாட்யூலில் உள்ள மந்த்ரேஞ்சுக்கு வருடத்தையும் மாதத்தையும் கொடுத்தால் இரண்டு எண் தரும். முதல் எண் ஒன்றாம் தேதியின் கிழமை. நமக்கு வேண்டியது இரண்டாவது, அதாவது மாதத்தின் நாள் கணக்கு: 29. வாங்கிய நாளான 31, இந்த 29, இரண்டில் சிறியதுதான் தவணை நாள். லீப் வருடத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நான் ஒரு வாரம் முழித்தது இதற்கப்புறம்தான். பிப்ரவரி 29-ஐ வைத்து அடுத்த மாதத்தைக் கணக்கிட்டேன். மார்ச் 29 வந்தது. பிறகு எல்லா மாதமும் 29-தான். 31 திரும்பவே இல்லை. தவணைக்குத் தவணை தாவாதீர்கள். ஒவ்வொரு முறையும் வாங்கிய தேதியிலிருந்தே 1, 2, 3 மாதம் என்று எண்ணுங்கள். அப்போது பிப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று ஒழுங்காக வரும்.

பைத்தானுக்குத் தனியாக நிறுவவேண்டிய டேட்யூட்டில் என்ற தொகுப்பின் ரிலேட்டிவ்டெல்டா இதை ஒரே வரியில் செய்யும். ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் தனியாக எதையும் நிறுவ எனக்குப் பிடிக்காது. அதிலும் தாவினால் இதே வம்புதான்.

கிழமை வேண்டுமென்றால் வீக்டே. வேலூர்க் கோட்டைப் புரட்சி நடந்த 1806 ஜூலை 10-ஐக் கொடுத்தேன்; 3 என்றது. புதன் இல்லை, வியாழன். திங்கள்தான் அங்கே 0.

பிற்சேர்க்கை: இதே நிரலை எழுதிப் பார்த்த குடியாத்தத்து நண்பன், நவம்பரில் வாங்கியவரின் முதல் தவணைக்கு 'மாதம் 0' வருகிறது என்று போன் செய்தான். படி 1-இல் ஒன்றைக் கழிக்கவில்லை, படி 2-இல் கூட்டவும் இல்லை. மற்ற மாதங்களில் சரியாக வந்ததால் டிசம்பர் தவணை வரும்வரை அவனுக்குத் தெரியவில்லை.