அப்டேட்டுக்குப் பிறகு பிளேயரில் பாட்டு ஏறவில்லையா? எடுத்தவுடன் ஓகே அடிக்காதீர்கள்

ஏப்ரல் 15 ஆகிவிட்டால் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலையில் கிழிசல் பார்ப்பது, எஞ்சினைப் பிரிப்பது என்று வேலை ஓடும்போது, படகில் கிடந்த பாட்டு பிளேயரும் வீட்டுக்கு வந்து சேரும். கரையை விட்டுப் போகப் போக போனில் டவர் போய்விடும், அதனால் இங்கே எம்பி3 பிளேயருக்கு இன்னும் மவுசு உண்டு. புதுப் பாட்டு ஏற்றலாம் என்று கணினியில் செருகுவார்கள். இடையில் கணினி அப்டேட் ஆகியிருக்கும். பிளேயர் தெரியவே தெரியாது, தெரிந்தாலும் பாட்டு ஏறாது.

பெரிய தவறு நடப்பது இந்த இடத்தில்தான். "ஃபார்மேட் செய்தால்தான் இந்த டிரைவைப் பயன்படுத்த முடியும்" என்று திரையில் ஒரு பெட்டி வரும். ஆப்பிளின் ஐபாட் என்றால் ரீஸ்டோர் (புதிது போலாக்குவது) செய்யவா என்று கேட்கும். இல்லாவிட்டால், இது வேறொரு லைப்ரரியோடு (கணினியில் உள்ள பாட்டுத் தொகுப்போடு) இணைந்தது, அழித்துவிட்டு சிங்க் செய்யவா, அதாவது இந்தக் கணினியின் பாட்டுகளை ஏற்றவா என்று கேட்கும். மூன்றில் எதற்குச் சரி என்றாலும் உள்ளே இருக்கிற பாட்டெல்லாம் போய்விடும்.

போன தடைக்காலத்தில் தங்கச்சிமடத்து அண்ணன் ஒருவர் வந்தார். கைலி மடிப்பில் இருந்து தீப்பெட்டி அளவு பிளேயர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கிளிப் ஒடிந்து, தங்கூசி நைலான் இழையால் சுற்றிக் கட்டியிருந்தது. "ஒரு கடையில ஃபார்மேட் போட்டுட்டாங்க தம்பி. சினிமாப் பாட்டு போனா போகட்டும். எங்கப்பா பாடுன அம்பா இதுலதான் இருந்துச்சு" என்றார். கரைவலை இழுக்கும்போது எல்லோரும் சேர்ந்து பாடுவது அம்பா. அப்பா உயிரோடு இருந்தபோது அந்த பிளேயரின் ரெக்கார்டரிலேயே பதிந்தது. வேறு எங்கும் நகல் இல்லை.

நல்லவேளையாக, ஃபார்மேட் செய்த பிறகு அவர் அதில் புதிதாக எதையும் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் பழையது இருந்த இடத்திலேயே புதியது போய் உட்கார்ந்திருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினோம். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் படத்துக்கு மட்டும் ஆனதில்லை, ஆடியோவையும் தேடி எடுக்கும். ஃபைலின் உள் அமைப்பை வைத்துத் தேடுவதால் பழைய பெயர்கள் மட்டும் வராது. கிடைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். காற்று இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் எழுந்தபோது, அவர் வாயும் கூடவே முணுமுணுத்தது.

எல்லோருக்கும் இப்படித் திரும்பக் கிடைக்காது. அதனால் பிளேயர் டிரைவாகத் தெரிந்தால் முதல் வேலை, உள்ளே இருப்பதைக் கணினியில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுப்பது. வட்டச் சக்கரம் வைத்த கிளிக் வீல் ஐபாடில் பாட்டுகள் மறைந்த ஃபோல்டருக்குள், நாலு எழுத்துப் புரியாத பெயர்களில் இருக்கும். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி அப்படியே இழுத்துப் போடுங்கள். பாட்டோடு ஒட்டியிருக்கும் டேக்கை (பெயர், பாடியவர் போன்ற குறிப்பை) படித்து லைப்ரரி பெயரைக் காட்டிவிடும். அந்த ஐபாட் கணினிக்குத் தெரியவே இல்லையா? மெனு பட்டனையும் நடுப் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். ஆப்பிள் சின்னம் வந்ததும் கையை எடுத்துவிட்டு, நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் பிடித்தால் டிஸ்க் மோடுக்குப் போகும், அதாவது கணினியில் டிரைவாகத் தெரியும். 2001-ல் வந்த ஐபாடை 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். கெட்டால் கடையில் புதிது கிடைக்காது, அதனால் இந்தப் பொறுமை தேவைதான்.

இன்னொரு தவறு, எல்லாப் பழியையும் அப்டேட் மேல் போடுவது. நம் ஊர் உப்புக் காற்றை மறந்துவிடுகிறோம். டார்ச் அடித்து சார்ஜிங் துளைக்குள் பாருங்கள். பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால், சார்ஜ் ஆகும், ஆனால் தகவல் போகாமல் நிற்கலாம். சேஃப்டி பின்னை வைத்துச் சுரண்டக் கூடாது, வாயால் ஊதக் கூடாது, தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. பிளேயரை அணைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சில மலிவான கேபிள்களில் சார்ஜுக்கான இரண்டு கம்பிதான் இருக்கும், தகவலுக்கான இரண்டு கம்பி இருக்காது. ஹப் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி) வேண்டாம், கணினியிலேயே நேராகச் செருகுங்கள்.

ஐபாடில் பாட்டு ஏற்றும் ஆப்பிள் மென்பொருளான ஐட்யூன்ஸைக் காணோம் என்று பதறுகிறவர்களும் உண்டு. ஆப்பிளின் மேக் கணினியில் 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து ஐட்யூன்ஸ் கிடையாது, ஃபைல்களைப் பார்க்கும் ஃபைண்டரில்தான் ஐபாட் தெரியும். விண்டோஸில் ஆப்பிள் மியூசிக்கும் ஆப்பிள் டிவைசஸும் போட்டுவிட்டால், ஐட்யூன்ஸில் பாட்காஸ்டும் ஆடியோபுக்கும் மட்டும்தான் மிஞ்சும், சிங்க் வேலை டிவைசஸுக்குப் போய்விடும். எதுவும் கெடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

மற்ற பிளேயர்களில் செட்டிங்ஸுக்குள் யூஎஸ்பி மோடு இருக்கிறதா பாருங்கள். கணினியோடு இணையும் முறைகளாக எம்டிபி, எம்எஸ்சி என்று இரண்டு இருக்கும். ஒன்றில் தெரியாவிட்டால் மற்றதில் தெரியலாம். சில பிளேயர்களில், ஒரு மோடில் ஏற்றிய பாட்டு மற்ற மோடில் செருகும்போது கணினியில் தெரியாது. பாட்டு போய்விட்டது என்று முடிவுகட்டி ஃபார்மேட் போடாதீர்கள்.

பிளேயருக்கே அப்டேட் போடுவதாக இருந்தால் வாடைக்காற்று மழைக்காலத்தில், கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். முழு சார்ஜ் இருக்கட்டும், மேசைக் கணினியை விட பேட்டரியுள்ள லேப்டாப் நல்லது. பாதியில் கேபிளைப் பிடுங்கினால் பிளேயர் எழுந்திருக்காமலே போகலாம். அதே பெயரில், அதே பெட்டியில் வரும் மாடலுக்குள் சிப் வேறாக இருப்பதும் உண்டு. ஒன்றின் ஃபர்ம்வேரை (பிளேயரை இயக்கும் உள் மென்பொருளை) மற்றதில் ஏற்றக் கூடாது. செட்டிங்ஸில் இருக்கும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள்.

சிங்க் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டில் வந்து நின்றால், கோளாறு அந்த ஒரு ஃபைலில் இருக்கலாம். அதை மட்டும் எடுத்துவிட்டுப் பத்துப் பத்தாக ஏற்றிப் பாருங்கள்.

இவ்வளவையும் தொடங்கும் முன் பிளேயரைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். முதுகு உப்பி ஆடினாலோ, திரை ஓரத்தில் தூக்கியிருந்தாலோ, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைக் கணினியிலும் செருகாதீர்கள், சார்ஜரிலும் செருகாதீர்கள். அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள். பேட்டரியை மாற்றத் தெரிந்தவர் கையில் கொடுத்து மாற்றிய பிறகு சிங்க்கைப் பார்த்துக்கொள்ளலாம்.